கொட்டைமரத் தோப்புக்கான மூடுபயிர் விதைக் கலவை: மூன்று பருவம் விதைத்துப் பார்த்தபின் ஒரு மதிப்புரை

பாதாம், வால்நட், பீக்கன் போன்ற கொட்டைமரத் தோப்புகளில் மர வரிசைகளுக்கு இடைப்பட்ட நிலத்தில் விதைப்பதற்கென்றே தயாரிக்கப்பட்டு, 20 கிலோ பைகளில் விற்கப்படும் மூடுபயிர் (விளைச்சலுக்காக அல்லாமல், மண்ணை மூடிக் காப்பதற்காக வளர்த்து வெட்டி விடும் பயிர்) விதைக் கலவை ஒன்றைத் தொடர்ந்து மூன்று குளிர்காலங்களில் வாங்கி விதைத்துப் பார்த்தேன். விற்ற நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை. ஏறக்குறைய இதே விதைகளை இதே விகிதத்தில் கலந்து விற்பவர்கள் பலர் இருப்பதால், பையின் மேலுள்ள பெயரைவிடப் பைக்குள் இருப்பதைப் பற்றிப் பேசுவதே வாங்க நினைப்பவருக்கு உதவும். கலவையில் வெட்ச், வயல் பட்டாணி, குளோவர் ஆகிய மூன்று பயறு வகைச் செடிகளும், ரை என்னும் தானியமும், நீண்ட கிழங்கு விடும் முள்ளங்கியும் இருக்கின்றன. அவற்றோடு வேர்முடிச்சு நுண்ணுயிர்ப் பொட்டலம் ஒன்றும், வேர்ப்பூசணப் பொடி ஒன்றும் இலவச இணைப்பாக வருகின்றன.

பையின் முகப்பில் நான்கு வாக்குறுதிகள் அச்சிடப்பட்டிருந்தன. ஒரே ஆண்டில் மண்ணின் கரிமப் பொருள், அதாவது செடிகளும் உயிர்களும் மட்கிச் சேர்ந்த பொருள், இரட்டிப்பாகும் என்பது முதலாவது. தழைச்சத்து (நைட்ரஜன்) உரத்துக்கு இனி வேலையில்லை என்பதும், வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழு ஒழியும் என்பதும் அடுத்த இரண்டு. மழைநீர் வழிந்தோடாமல் மண்ணுக்குள் இறங்கும் என்பது நான்காவது. அது எல்லாவற்றுக்கும் கீழே சிறிய எழுத்தில் இருந்தது. மூன்று பருவங்களுக்குப் பிறகு சொல்வதானால், சிறிய எழுத்தில் இருந்ததுதான் முதலில் பலித்தது; கொட்டை எழுத்தில் இருந்தது பலிக்கவில்லை, பலிப்பதற்கு வழியும் இல்லை. இந்தக் கலவை வாங்கத் தகுந்தது என்றே நான் கருதுகிறேன், ஆனால் அதை வாங்குவதற்கு விற்பவர் சொல்லும் காரணங்கள் சரியான காரணங்கள் அல்ல.

என் தோப்பில் பாதி பாதாம், பாதி வால்நட். மரங்கள் பத்து வயதைக் கடந்தவை, மண் வண்டல் கலந்த களிமண். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, ஆறு இடைவெளிக்கு ஒன்றை விதைக்காமல் வெறுமனே விட்டு, அங்கே முளைக்கும் களையை வழக்கம்போல் வெட்டி வந்தேன். கீழே சொல்லும் அளவுகள் எல்லாம் இந்த ஒரு தோப்புக்கு உரியவை என்பதை வாசகர் மனத்தில் கொள்ள வேண்டும்.

முதலில் விதையின் தரம். ஈரத்தாளில் நூறு விதைகளைச் சுருட்டி வைத்து முளைப்பைச் சோதிக்கும் பழைய முறையை ஒவ்வோர் ஆண்டும் இனவாரியாகச் செய்தேன். ரையும் பட்டாணியும் முள்ளங்கியும் குறை சொல்ல முடியாதபடி முளைத்தன. வெட்ச் மட்டும் ஒவ்வோர் ஆண்டும் பின்தங்கியது. அதன் விதைகளில் ஒரு பகுதிக்கு நீர் புகாத கடினத் தோல் இருப்பதே காரணம். அப்படி முளைக்காமல் கிடக்கும் விதை செத்த விதை அன்று. அடுத்த ஆண்டிலோ அதற்கடுத்த ஆண்டிலோ தன் விருப்பப்படி முளைக்கும் என்பதால், வெட்ச்சை ஒருமுறை தோப்புக்குள் விட்டால் முழுவதுமாக வெளியேற்றுவது கடினம் என்பதை வாங்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. களை விதை கலந்திருக்கவில்லை என்பது இந்தப் பையின் மெச்சத்தக்க அம்சம்.

அளவு வேறுபட்ட விதைகளை ஒரே பையில் கலந்து விற்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. பட்டாணி மூன்று நான்கு சென்டிமீட்டர் ஆழத்தில் ஈரத்தோடு கிடக்க விரும்புகிறது. கடுகளவே உள்ள குளோவர் விதையோ ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே போனால் மேலே வருவதற்குத் திணறுகிறது. ஒரே ஆழத்தில் விதைத்தால் இரண்டில் ஒன்று பழுதாகும். மேலும், விதைப்புக் கருவி வயலில் அதிரும்போது சிறிய விதை பெட்டியின் அடிக்கு இறங்கிவிடுவதால், முதல் சில வரிசைகளில் குளோவர் கம்பளம் விரித்தது போலவும் கடைசி வரிசைகளில் பட்டாணி மட்டுமாகவும் முளைத்தது. இரண்டாம் ஆண்டில் பையைத் தரையில் கொட்டிச் சல்லடையால் சிறு விதையைப் பிரித்து, பெருவிதையைக் கருவியில் விதைத்துவிட்டுச் சிறுவிதையைக் கையால் தூவி, மேலே லேசாக உருளையை ஓட்டினேன். கலந்து தந்ததற்காக விலை கொடுத்துவிட்டு அதைப் பிரிப்பதற்கு ஒரு நாள் கூலியும் கொடுத்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் சிரிப்புதான் வருகிறது.

அடுத்து, இணைப்பாக வரும் வேர்முடிச்சு நுண்ணுயிர்ப் பொட்டலம். இதில் விற்பவர்கள் செய்திருக்கும் தவறு சிறியதாகத் தோன்றினாலும், மூன்று பயறு வகைகளில் ஒன்றைப் பயனற்றதாக்கும் அளவுக்கு அடிப்படையானது. காற்றிலுள்ள தழைச்சத்தைப் பயறுச் செடிகள் தாமாகவே பிடிப்பதில்லை. வேரில் குடியேறும் ரைசோபியம் வகைப் பாக்டீரியாக்களே பிடித்துக் கொடுக்கின்றன, அந்தப் பாக்டீரியாக்களோ எல்லாச் செடியிலும் குடியேறுபவை அல்ல. பட்டாணிக்கும் வெட்ச்சுக்கும் ஒரே வகை பொருந்தும். குளோவருக்கு வேறு வகை வேண்டும். தட்டைப்பயறு போன்ற வெப்பமண்டலப் பயறுகளுக்கு முற்றிலும் வேறான இனம் வேண்டும். இந்தப் பையோடு வந்த பொட்டலத்தைக் கவனித்துப் படித்தபோது அது பட்டாணி-வெட்ச் வகைக்கு உரியது என்று மட்டுமே எழுதியிருந்தது. ஆறிய கஞ்சியில் குழைத்து எல்லா விதைக்கும் நேர்த்தி செய்து விதைத்த முதல் பருவத்தில், பூக்கும் தறுவாயில் செடிகளை மண்வெட்டியால் வேரோடு பெயர்த்துப் பார்த்தேன். பட்டாணியிலும் வெட்ச்சிலும் முடிச்சுகள் திரண்டிருந்தன. நகத்தால் நசுக்கியபோது உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. நம் குருதியின் சிவப்புக்குக் காரணமான புரதத்துக்கு உறவான ஒரு புரதம் அங்கே உயிர்வளியைக் கட்டுப்படுத்துவதால் வரும் நிறம் அது. அந்த நிறம் இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது என்று பொருள். குளோவர் வேர்களில் முடிச்சுகள் அரிதாகவும், இருந்தவை வெளிறியும் இருந்தன. குளோவர் இதற்குமுன் விளையாத நிலம் என்பதால் அதற்குரிய பாக்டீரியா மண்ணிலும் இல்லை. அடுத்த பருவத்தில் குளோவருக்குரிய நுண்ணுயிரைத் தனியே வாங்கி, பிரித்தெடுத்த சிறுவிதைக்கு மட்டும் நேர்த்தி செய்தேன். வேர்களில் வேறுபாடு கண்கூடாகத் தெரிந்தது.

வேர்ப்பூசணப் பொடியைப் பற்றியும் ஒரு சொல். பாதாம், வால்நட், பிஸ்தா, முந்திரி ஆகிய மரங்களின் வேர்களில் உயிரணுவுக்குள்ளேயே கிளைத்து வாழும் ஒருவகைப் பூசணம் கூட்டாளியாக இருக்கிறது. பீக்கன், ஹேசல்நட் மரங்களின் கூட்டாளி வேர்நுனிக்கு உறை போட்டது போல வெளியே படரும் வேறொரு வகை. மண்ணடியில் விளையும் ட்ரஃபிள் காளானை ஹேசல்நட் வேரில் வளர்க்க முடிவது இந்த இரண்டாம் வகை உறவினால்தான். பையில் இருந்த பொடி முதல் வகை. எல்லாக் கொட்டைமரங்களுக்கும் ஏற்றது என்ற வாசகம் ஆகவே தவறானது. பீக்கன் தோப்புக்காரர் அதைத் தூவினால் ரைக்கும் வெட்ச்சுக்கும் பலன் போய்ச் சேரலாம், மரத்துக்குச் சேராது. பாதாம் தோப்பிலும் பொடி அவசியம் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்தப் பூசணம் ஏற்கெனவே மண்ணில் இருக்கிறது. அதற்கு வேண்டியது உயிருள்ள வேர். மரம் இலையுதிர்த்து உறங்கும் மாதங்களில் ரை, வெட்ச் வேர்கள் அந்தப் பூசணத்துக்கு உணவூட்டி வைத்திருக்கின்றன. முள்ளங்கியும் கடுகும் மட்டும் விதிவிலக்கு; அந்தக் குடும்பத்துச் செடிகள் இந்தப் பூசணத்தோடு உறவு வைத்துக்கொள்வதில்லை.

இனி, எனக்கு மிக முக்கியமாகத் தோன்றிய நீருக்கு வருகிறேன். கொட்டைமரத் தோப்பின் தரை, மற்றப் பழத்தோட்டங்களின் தரையைவிடக் கொடுமையாக நடத்தப்படுவது. பாதாமும் வால்நட்டும் பீக்கனும் ஹேசல்நட்டும் மெக்கடேமியாவும் தரையில் விழவிட்டுப் பொறுக்கப்படுபவை. மரத்தை உலுக்கும் எந்திரமும், விழுந்ததைக் கூட்டித் தள்ளும் எந்திரமும், அள்ளிச் செல்லும் எந்திரமும் ஒன்றன்பின் ஒன்றாக ஓட வேண்டும் என்பதற்காகத் தரை மேசைபோல் சமன்செய்யப்பட்டு, புல் பூண்டின்றி வழித்து வைக்கப்படுகிறது. உலகப் பாதாமில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை விளைவிக்கும் கலிஃபோர்னியாவில் இத்தகைய தரைதான் நெடுங்காலம் நல்ல தோப்பின் அடையாளமாகக் கருதப்பட்டது. மரத்திலேயே உலுக்கி, தரையைத் தொடாமல் சட்டத்தில் ஏந்திக்கொள்ளும் பிஸ்தா மட்டும் இதற்கு விலக்கு. இப்படி வழித்த தரையில் மழைத்துளி நேராக மோதும்போது மண்ணின் சிறு திரள்கள் உடைந்து, தூளான களிமண் துளைகளை அடைத்து, காய்ந்ததும் ஓடு போன்ற பொருக்காகிவிடுகிறது. பொருக்கின் மேல் அடுத்த மழை வழிந்தோடும். எந்திரங்களின் எடையால் கீழே மண் இறுகியிருப்பது இதற்கு மேல்.

இதை அளப்பதற்கு ஆய்வகம் தேவையில்லை. ஆறு அங்குல விட்டமுள்ள இரும்பு வளையத்தை மண்ணில் பாதி இறக்கி, உள்ளே 444 மில்லிலிட்டர் நீரை ஊற்றினால் அது சரியாக ஓர் அங்குல மழைக்குச் சமம். முதல் முறை ஊற்றுவது மண்ணை நனைப்பதற்கு; அது இறங்கியபின் இரண்டாம் முறை ஊற்றி, நீர் மறையும் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். விதைப்பதற்கு முன்பு என் தோப்பின் நடு இடைவெளியில் அந்த இரண்டாம் அங்குலம் முக்கால் மணி நேரம் கடந்தும் தேங்கியிருந்தது. முதல் குளிர்காலம் முடிந்தபோது விதைத்த இடத்தில் அது பாதியாகக் குறைந்தது. மூன்றாம் ஆண்டில் பத்து நிமிடத்துக்குள் மறைந்தது. விதைக்காமல் விட்ட இடைவெளிகளில் மாற்றம் ஒன்றும் இல்லை. கனமழை பெய்த ஒரு நாளில் இரண்டுக்கும் நடுவே நின்று பார்த்தேன்: ஒரு பக்கம் சேற்றுநீர் தெளிவற்ற பழுப்பு நிறத்தில் வாய்க்காலுக்கு ஓடிக்கொண்டிருந்தது, மறுபக்கம் வெட்ச் கொடிகளுக்கு அடியில் நீர் தேங்கவே இல்லை.

இதில் எந்தச் செடிக்கு எவ்வளவு பங்கு என்பதையும் தோண்டிப் பார்த்து ஓரளவு அறிய முடிந்தது. இலைகள் மழைத்துளியின் வேகத்தைத் தணித்துப் பொருக்கு உண்டாவதைத் தடுக்கின்றன. இது எல்லாச் செடிக்கும் பொது. ரையின் சல்லிவேர்கள் மேல் அரையடி மண்ணைச் சடைபோல் பின்னி, வேர்க்கசிவுகளாலும் அவற்றை உண்டு பெருகும் நுண்ணுயிர்களின் பசையாலும் மண்ணைச் சிறு சிறு திரள்களாக்குகின்றன. முள்ளங்கியின் தடித்த வேர், கடும் பனியில் செடி செத்தபின் அழுகி, விரல் நுழையும் அளவுக்குத் துளை விட்டுப் போகிறது; முதல் மழைகளில் நீர் அந்தத் துளைகள் வழியே இறங்குவதைக் காணலாம். ஆனால் இறுகிய அடிமண்ணை முள்ளங்கி பிளந்துவிடும் என்ற விளம்பரத்தை அப்படியே நம்ப வேண்டாம். எந்திரச் சக்கரம் ஓடும் தடங்களில் என் முள்ளங்கிகள் கீழே போக முடியாமல் பாதி உடலைத் தரைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றன. காய்ந்த மண்கட்டியைக் கண்ணாடிக் குவளை நீரில் வலைமேல் வைத்துப் பார்க்கும் எளிய சோதனையில், வெறுந்தரைக் கட்டி சில நொடிகளில் கரைந்து விழுந்தது, மூன்று ஆண்டு மூடுபயிர் கண்ட கட்டி வடிவம் மாறாமல் இருந்தது. இந்த ஒரு காட்சிக்காகவே நான் கலவையைத் திரும்ப வாங்குவேன்.

கரிமப் பொருள் இரட்டிப்பாகும் என்ற வாக்குறுதிக்கு ஒரு சிறு கணக்குப் போதும். ஒரு ஹெக்டேரின் மேல் 15 சென்டிமீட்டர் மண் ஏறக்குறைய 2000 டன் எடை கொண்டது. கரிமப் பொருள் ஒரு விழுக்காடு உள்ள மண்ணில் அதை இரண்டு விழுக்காடாக்க வேண்டுமென்றால், மட்கி நிலைத்த பொருளாகவே 20 டன் சேர வேண்டும். என் தோப்பில் நல்ல பருவத்தில் சதுர மீட்டருக்கு 400 கிராம், அதாவது ஹெக்டேருக்கு 4 டன் உலர்ந்த தழை கிடைத்தது. அதில் பெரும்பகுதி ஓராண்டுக்குள் நுண்ணுயிர்களின் மூச்சாகக் காற்றில் கலந்துவிடும். பத்தில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரை எஞ்சினால் அதிகம். வேர்களின் பங்கையும் சேர்த்து அதை இரட்டித்துக்கொண்டாலும் பத்தாண்டுக்குக் குறையாத வேலை இது. மண் ஆய்வு அறிக்கையில் மொத்தக் கரிம அளவு மூன்று ஆண்டுகளில் அசையவில்லை என்பதில் ஆகவே எனக்கு ஏமாற்றம் இல்லை. நுண்ணுயிர்கள் உடனடியாக உண்ணக்கூடிய கரிமப் பகுதியைப் பெர்மாங்கனேட் கரைசலால் அளக்கும் சோதனை தனியே உண்டு. மண்ணில் மாற்றம் முதலில் தெரிவது அதில்தான் என்பதால், செலவழித்துச் சோதிப்பவர்கள் அதைக் கேட்டு வாங்குவது பயன் தரும். மேல் இரண்டு விரற்கடை மண் கறுத்து, மண்புழுவின் குருணைக் கழிவு நிறைந்திருப்பதைக் காண எந்தச் சோதனையும் வேண்டியதில்லை.

தழைச்சத்து பற்றிய வாக்குறுதி பாதி உண்மை. பாதி உண்மையாக இருப்பதாலேயே ஆபத்தானது. இளம் பருவத்தில் மடக்கப்படும் வெட்ச்சின் உலர்ந்த தழையில் நூற்றுக்கு நான்கு பங்கு வரை தழைச்சத்து இருக்கும், ஆனால் என் கலவையில் ரை பெரும் பங்கு பிடித்ததால் மொத்தத் தழையில் நூற்றுக்கு இரண்டரை என்று வைத்துக்கொண்டேன். 4 டன்னுக்கு 100 கிலோ. ஆனால் விதைத்திருப்பது மர வரிசையை விட்டு நடு இடைவெளியில் மட்டும். தோப்பின் பரப்பில் அது ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு. ஆக 60 கிலோ. மண்ணில் மடக்கி உழுதால் அதில் பாதி அந்தப் பருவத்திலேயே கிடைக்கலாம். என்னைப்போல வெட்டி மேலேயே விட்டால் அதைவிடக் குறையும். பாதாம் மரமோ 1000 கிலோ பருப்பு தருவதற்குச் சுமார் 68 கிலோ தழைச்சத்தை நிலத்திலிருந்து வெளியே கொண்டுபோகிறது. ஹெக்டேருக்கு 2000 கிலோ பருப்பு எதிர்பார்ப்பவர் உரத்தை நிறுத்திவிட்டு வெட்ச்சை நம்பினால் அடுத்த ஆண்டு மரம் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும்.

இரண்டாம் பருவத்தில் நான் அதற்கு நேர்மாறான தவறைச் செய்தேன். ரை கதிர் தள்ளும் தருணத்தில் பயிரை வெட்டிப் படுக்க வைத்திருக்க வேண்டும். தொடர் மழையால் எந்திரம் இறங்க முடியாமல் மூன்று வாரம் கடந்துவிட்டது. அதற்குள் ரை முற்றி வைக்கோலானது. மண் நுண்ணுயிர்கள் நிறைவாக உண்பதற்குக் கரிமமும் தழைச்சத்தும் 24-க்கு 1 என்ற அளவில் இருக்க வேண்டும். வெட்ச் 11-க்கு 1. இளம் ரை 26-க்கு 1. முற்றிய ரை வைக்கோல் 80-க்கும் மேலே. வைக்கோலைத் தின்னும் நுண்ணுயிர்கள் குறைபடும் தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்வதால், பாதாம் இலை விரித்துக் காய் பெருக்கும் நேரத்தில், மரம் உண்ண வேண்டியதை அவை உண்டன. இடைவெளியை ஒட்டிய கிளைகளில் இலை வெளிறியதைக் கண்டு சொட்டுநீரில் உரத்தைக் கூட்டினேன். பையின் பின்புறத்தில் எப்போது விதைப்பது என்று அரைப்பக்கம் எழுதியிருக்கிறார்கள், எப்போது முடிப்பது என்று ஒரு வரிகூட இல்லை. இந்தப் பொருளின் மிகப் பெரிய குறை எதுவென்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்; மூடுபயிரின் பலன் விதைக்கும் நாளைவிட முடிக்கும் நாளில்தான் தீர்மானிக்கப்படுகிறது. உருளையால் நசுக்கி முடிக்க நினைப்பவர்கள், ரை பூக்கும் நிலைக்கு வருமுன் நசுக்கினால் அது மறுபடி நிமிர்ந்துவிடும் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

நூற்புழுவைப் பொறுத்தவரை பையின் வாசகம் பொறுப்பற்றது. கடுகுக் குடும்பச் செடியின் திசு நசுங்கும்போது உண்டாகும் காரமான ஆவி நூற்புழுவைக் கொல்லக்கூடியது என்பது உண்மை. அதற்குச் செடியைப் பொடியாக நறுக்கி, உடனே ஈரமண்ணில் மடக்கி, ஆவி வெளியேறாமல் மேலே அழுத்தி மூட வேண்டும். நிலையான மரத்தோப்பில் வெட்டி மேலே விடும்போது அந்த ஆவி காற்றோடு போய்விடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: வெட்ச்சும் குளோவரும் வேர்முடிச்சு நூற்புழுவுக்கு இடம் கொடுக்கும் செடிகள். பாதாம், வால்நட் வேர்களை அரிக்கும் நூற்புழு ஏற்கெனவே உள்ள நிலத்தில் இந்தக் கலவையை மருந்தாக எண்ணி விதைப்பது சரியன்று. மண்ணைச் சோதித்து, எந்த வகைப் புழு என்று தெரிந்துகொண்டு, அதற்கு இடம் தராத செடியைத் தேர்ந்தெடுப்பதுதான் முறை. நூற்புழுவை அடக்குவதில் நல்ல பெயர் பெற்ற சணப்பை இந்தக் கலவையில் இல்லை. அது கோடைப் பயிர், குளிரில் நிற்காது.

அன்றாட நிர்வாகத்தில் வரும் தொல்லைகள் சில. பூக்கும் காலத்தில் பனி விழும் இடங்களில், உயர்ந்து நிற்கும் மூடுபயிர் தரை பகலில் சூடு பிடிப்பதைத் தடுத்து இரவில் தோப்பைக் குளிர்விக்கிறது. பாதாம் மற்ற மரங்களுக்கு முந்திப் பூப்பது என்பதால், அந்த நாள்களில் பயிரைப் பத்து சென்டிமீட்டருக்குக் கீழே வெட்டி வைப்பது பாதுகாப்பு. வெட்ச் கொடி நீர்த்தெளிப்பான்களிலும் இளமரங்களிலும் ஏறிச் சுற்றிக்கொள்ளும். நட்டு மூன்று ஆண்டு ஆகாத கன்றுகள் உள்ள தோப்பில், மரத்தடியைச் சுற்றி ஒரு மீட்டருக்காவது எதையும் முளைக்க விடக்கூடாது. அந்த வயதில் புல்லும் கன்றும் ஒரே ஆழத்தில் ஒரே நீருக்குப் போட்டியிடுகின்றன, வெல்வது புல். எலிகளுக்கும் வளைதோண்டிகளுக்கும் குளோவர் வேர் விருந்து. அறுவடைக்கு முன் சருகு முழுவதும் மட்கியோ பொடியாகியோ போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கொட்டையோடு சருகும் சேர்ந்து எந்திரத்துக்குள் போகும். ரை முற்றிய அந்த இரண்டாம் ஆண்டில் கூட்டும் வேலைக்கு ஒருமுறைக்கு இருமுறை எந்திரம் ஓட்ட வேண்டியிருந்தது. நீரைக் குடித்துவிடும் என்ற அச்சம் மட்டும் குளிர்கால மழையில் வளர்ந்து வசந்தத்தில் முடிக்கப்படும் பயிருக்குப் பெரிதாகப் பொருந்தவில்லை. பயிர் உறிஞ்சும் நீருக்கு ஈடாக, மண்ணுக்குள் இறங்கும் நீர் கூடுகிறது, தரையிலிருந்து ஆவியாவதும் குறைகிறது. கோடையிலும் பயிரை நிற்கவிட்டால் இந்தக் கணக்கு தலைகீழாகும்.

யாருக்கு இது பொருந்தும் என்று கேட்டால், குளிர்காலத்தில் மழை பெறும், வளர்ந்த பாதாம், வால்நட், பிஸ்தா தோப்புகளுக்குப் பொருந்தும். பீக்கன் தோப்புக்கு ரையைக் குறைத்துக் குளோவரைக் கூட்டிய கலவை மேல். மெக்கடேமியா தோப்பில் மரநிழல் அடர்ந்திருப்பதால் இந்தச் செடிகள் வெளிறிச் சாகும். அங்கே நிழல் தாங்கும் படர்புல்லோ படர்நிலக்கடலையோதான் நிற்கும். முந்திரி போன்ற வெப்பமண்டல மரங்களுக்கு ரையும் வெட்ச்சும் முற்றிலும் அன்னியம். புரேரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசீமா போன்ற படர்பயறுகள் அவற்றுக்கு உரியவை, மரத்தில் ஏறாமல் அவ்வப்போது இழுத்து விட வேண்டும் என்பதே நிபந்தனை.

வாடிக்கையாளர் சேவை பற்றி ஒன்று. நுண்ணுயிர்ப் பொட்டலம் குளோவருக்குப் பொருந்தாது என்று விற்பவருக்கு எழுதினேன். பணிவான பதில் வந்தது, சரியான பொட்டலம் ஒன்றையும் கட்டணமின்றி அனுப்பினார்கள்; ஆனால் அதற்கடுத்த பருவத்துப் பையிலும் பழைய பொட்டலமே இருந்தது. ஆகவே நான்காம் பருவத்துக்குக் கலவையாக வாங்காமல் விதைகளைத் தனித்தனியே கேட்டிருக்கிறேன்: வெட்ச்சும் பட்டாணியும் முன்போலவே, குளோவர் அதற்குரிய நுண்ணுயிரோடு, ரை முன்பிருந்ததில் பாதி. முள்ளங்கி எந்திரத் தடம் படாத நடுப்பட்டைக்கு மட்டும். விதைக்காமல் விட்டிருந்த இடைவெளிகளில் ஒன்றை மட்டும் வெறுந்தரையாகவே இன்னும் சில ஆண்டு வைத்திருக்கப் போகிறேன், வளையத்தை இறக்கிப் பார்ப்பதற்கு.